அடிக்குறிப்பும் ஒரு சாட்சியமே

முதுகலை பயிலும் மாணவி ஒருத்தியை நம் மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். மறுநாள் காலையில் அவள் தன் ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைக்க வேண்டும். நள்ளிரவு கடந்துவிட்டது. ஆய்வேட்டின் இறுதியில் துணைநூற்பட்டியல் இருக்கிறது. அதில் 62 நூல்களும் கட்டுரைகளும் அகரவரிசையில் ஒழுங்காக நிற்கின்றன. அவற்றுள் அவள் முழுமையாகப் படித்தவை ஒன்பது. வேறு சிலவற்றின் சுருக்கத்தைக் கணிப்பொறித் திரையில் கண்டிருக்கிறாள். எஞ்சியவற்றின் பெயர்களை இணைய நூலகங்களின் தேடல் முடிவுகளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறாள். அவள் எவருடைய வரியையும் களவாடவில்லை. ஒவ்வொரு கருத்துக்கும் உரியவரின் பெயரைத் தவறாமல் குறித்திருக்கிறாள். அவ்வாறிருக்க, அவள் செய்தது தவறா? தவறெனில், அது எவ்வகைத் தவறு?

இவ்வினாவை நாம் எழுப்புவது மாணவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. நம் இல்லங்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுள் பலர் இன்று நூலகத்தின் படிகளில் ஏறாமலே நூல்களை அடைகின்றனர். அவ்வசதி நல்லதே. ஆனால் ஒவ்வொரு வசதியும் அதற்கேற்ற ஒரு மனச்சான்றை நம்மிடம் வேண்டி நிற்கிறது. அந்த மனச்சான்று நம் பிள்ளைகளிடம் வளர்ந்திருக்கிறதா, அதை வளர்க்கும் கடமையை நாம் ஆற்றினோமா என்பதே நம் சிந்தனைக்குரிய பொருள்.

திறந்த வாசல்கள்

ஒரு நூலைக் காண்பதற்காகக் கடல் கடந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. தவத்திரு தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிச் சென்ற வரலாற்றை நம்மில் பலர் அறிவோம். 1554-இல் லிஸ்பன் நகரில், தமிழை உரோம எழுத்துகளில் அச்சிட்டு வெளியான சிறிய மறைக்கல்வி நூலைப் பற்றி அவர் தமிழ் உலகுக்கு எடுத்துரைத்தார். அந்தாம் தெ ப்ரொயென்சா அடிகள் தொகுத்து, 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ் - போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மீண்டும் வெளிக்கொணர்ந்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த ஓர் அகராதி, ஒருவர் நேரில் சென்று தேடியதால் நம் கைக்கு வந்தது.

இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், தம் நாட்டின் விடுதலைச் சாற்றுரையைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து, பிறரும் பெறுமாறு வைத்தார். குட்டன்பர்க் திட்டம் என்னும் இணைய நூலகம் அவ்வாறு தொடங்கிற்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் பிறந்தது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் எதுவும் பெறாமல் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி அதில் சேர்த்தனர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான நூல்களை மின்வடிவில் வழங்கி வருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தகைய இழப்பைக் கண்ட ஈழத்தமிழர் 2005-இல் நூலகம் என்னும் பெயரிலேயே ஓர் இணையத் திட்டத்தைத் தொடங்கித் தம் ஏடுகளையும் இதழ்களையும் காத்து வருகின்றனர்.

ஆய்வு மாணவர்க்குத் திறந்த வாசல்கள் இன்னும் பல. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் யாவர்க்கும் கிடைக்கின்றன. ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2024 நவம்பரில் ஏற்று, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்குவது அதன் நோக்கம். பெருநகரத்துப் பெரிய கல்லூரிக்கு மட்டுமே எட்டிய இதழ், சிற்றூர்க் கல்லூரியின் மாணவிக்கும் எட்டுமாயின் அது நீதி. அதை நாம் ஐயமின்றி வரவேற்கிறோம்.

படிக்காமலே கிடைக்கும் குறிப்பு

இனி, அந்த மாணவி என்ன செய்கிறாள் என்று சற்று அருகிலிருந்து காண்போம். தேடல் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை இடுகிறாள். அடுத்த நொடியில் தலைப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரையிலிருந்து பிய்த்தெடுத்த இரண்டு வரி. கூகுள் ஸ்காலர் போன்ற தேடல் தளங்களில் அவ்வரிகளின் அடியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்க எண் ஆகிய அனைத்தும் துணைநூற்பட்டியலுக்கு வேண்டிய வடிவில், காற்புள்ளி முதற்கொண்டு ஒழுங்காக வந்துவிடும். எடுத்து ஒட்டிக் கொள்வதே எஞ்சிய வேலை. "படித்தாயா?" என்று அப்பொத்தான் கேட்பதில்லை.

முன்பு நூலக அட்டைப்பெட்டியில் நூலின் எண்ணைத் தேடி, சீட்டு எழுதிக் கொடுத்து, நூலகர் உள்ளே சென்று எடுத்து வரும்வரை காத்திருந்தோம். நூல் கைக்கு வந்தபின் பதிப்பாண்டையும் பக்க எண்ணையும் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டோம். குறிப்பெடுக்கும் அவ்வுழைப்பே, நூலைத் திறந்து பார்த்தமைக்கு ஓரளவு சான்றாக இருந்தது. இப்போது குறிப்பு வேறு, நூல் வேறு என்றாகிவிட்டது. நூலைத் தொடாமலே அதைப் பற்றிய குறிப்பைப் பெற முடிகிறது.

ஆயினும், பழைய காலத்தைப் புகழ்ந்து இன்றைய மாணவரைப் பழிப்பது நேர்மை ஆகாது. பேரறிஞர் ஒருவரின் நூலின் இறுதியில் காணும் பட்டியலிலிருந்து பத்துப் பெயர்களை எடுத்து நம் கட்டுரையில் சேர்த்துக் கொண்டவர்கள் நம் தலைமுறையிலும் உண்டு. நாமும் அதற்கு விலக்கானவர்கள் அல்லோம். அந்நூல்களைப் பின்னாளில் உண்மையாகவே படிக்க நேர்ந்தபோது, நாம் எழுதியது அங்கே இல்லை என்று கண்டு தலைகுனிந்ததும் உண்டு.

இக்குறை அறிவியல் உலகிலும் பரவியிருந்தது என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த சிம்கின், ராய்சௌத்ரி என்னும் இருவர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1973-இல் இயற்பியலாளர் இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றைப் பிறர் எவ்வாறு மேற்கோள் காட்டினர் என்று அவர்கள் ஆராய்ந்தனர். அக்கட்டுரை ஏறத்தாழ 4,300 முறை சுட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ ஆண்டோ பிழையாக இருந்தது. வியப்பு என்னவெனில், அந்த 196 இடங்களிலும் காணப்பட்ட வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரே பிழை 78 முறை மீண்டும் மீண்டும் வந்திருந்தது. ஒருவர் முதலில் செய்த பிழையைப் பின்வந்தோர், மூலத்தைத் திறவாமலே பெயர்த்தெழுதியிருக்கிறார்கள் என்பது தெளிவு. மேற்கோள் காட்டுவோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே மூலத்தைப் படிக்கின்றனர் என்று அவ்விருவரும் கணித்தனர். கணக்கு சற்று முன்பின் ஆகலாம். ஆனால் அது காட்டும் பழக்கம் நமக்கு அன்னியமானதன்று. இக்குறை இணையத்தோடு பிறந்ததும் அன்று. முன்பு அதைச் செய்யச் சிறிது உழைப்பாவது வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டியதில்லை.

களவா, பொய்ச்சாட்சியா?

ஆய்வில் நேர்மை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கருத்துத் திருட்டு. பிறர் எழுதியதைத் தன்னுடையதெனக் காட்டுவது களவு என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகள் வகுத்தது. அவற்றின்படி, ஆய்வேட்டில் பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை இருந்தால் திருத்தித் தர வேண்டும். அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். ஒப்புமையைக் கண்டறியக் கணிப்பொறி மென்பொருள்கள் உள்ளன. மாணவரும் அஞ்சுகின்றனர்.

ஆனால் நம் மாணவியின் ஆய்வேட்டை அம்மென்பொருளில் இட்டால் என்ன நேரும்? ஒரு குறையும் தென்படாது. அவள் வாக்கியங்கள் அவளுடையவை. அவள் சுட்டிய நூல்கள் உண்மையில் உள்ளவை. பிறர் பொருளை அவள் எடுக்கவில்லை. எனவே அவளிடம் களவு இல்லை. அங்கே இருப்பது வேறொன்று.

அடிக்குறிப்பு என்பது என்ன? அது வெறும் அலங்காரம் அன்று. ஆசிரியர்க்குச் செலுத்தும் மரியாதை மட்டும் அன்று. "நான் அந்த இடத்திற்குச் சென்றேன், அங்கே இதைக் கண்டேன், ஐயமிருப்பின் நீங்களும் சென்று காணலாம்" என்று எழுதுபவர் படிப்பவர்க்குத் தரும் வாக்குமூலம் அது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுவே. நிகழ்ச்சியைக் காணாதவர் கண்டதாகச் சொன்னால், அவர் சொன்னது தற்செயலாக உண்மையாகவே இருந்தாலும், அவர் சாட்சி பொய்ச்சாட்சி ஆகிறது. நிகழ்ச்சி பொய்யன்று. "நான் கண்டேன்" என்பதே பொய். படிக்காத நூலைப் படித்ததுபோல் குறிப்பதிலுள்ள தவறு இவ்வகையைச் சேர்ந்தது. களவுக்கு அஞ்சக் கற்றுத்தந்த நாம், பொய்ச்சாட்சிக்கு அஞ்சக் கற்றுத்தரவில்லை.

"இதனால் எவர்க்கு என்ன தீங்கு?" என்று கேட்கலாம். தீங்கு மூவர்க்கு நேர்கிறது.

முதலாமவர் அந்நூலின் ஆசிரியர். ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஒரு சடங்கு மறைந்து வருகிறது என்று ஒரு கட்டுரையின் சுருக்கம் கூறுகிறது. உள்ளே சென்றால், அது இரண்டு சிற்றூர்களில் மட்டும் கண்ட நிலை என்றும், பிற ஊர்களைப் பற்றி எதுவும் கூற இயலாது என்றும் ஆசிரியர் கவனமாக எழுதியிருக்கிறார். சுருக்கத்தை மட்டும் கண்டவர், "தமிழகமெங்கும் இச்சடங்கு மறைந்தது என்பார் இன்னார்" என்று எழுதிவிடுகிறார். ஆசிரியர் சொல்லத் தயங்கியதை அவர் வாயில் திணித்தாயிற்று. அவர் பெயரைக் குறித்ததனால் அவர்க்கு நீதி செய்துவிட்டோம் என்று கருத முடியுமா?

இரண்டாமவர் பின்னால் வரும் மாணவர். பலர் சுட்டிய கட்டுரையே தேடலில் முந்தி நிற்கும் வாய்ப்புப் பெறுகிறது. அடுத்து வருபவரும் அதையே காண்கிறார், அதையே சுட்டுகிறார். படிக்காமல் இட்ட மேற்கோள்கள் சேர்ந்து, ஒரு நூலுக்குப் பொய்யான பெருமையைத் தருகின்றன. அமைதியாகச் செய்த நல்ல ஆய்வு பத்தாம் பக்கத்தில் கிடக்கிறது. நாம் இட்ட ஒவ்வொரு குறிப்பும் பின்வருபவர்க்கு நட்டுவைத்த வழிகாட்டிப் பலகை. நாம் போகாத வழிக்குப் பலகை நடுவது எத்தகைய செயல்?

மூன்றாமவர் அந்த மாணவியே. ஒரு நூலோடு போராடி, அதன் ஆசிரியரோடு மாறுபட்டு, இறுதியில் தன் எண்ணத்தை மாற்றிக் கொள்ளும் அனுபவம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தான் முன்பே நினைத்ததற்கு ஆதரவாக 62 பெயர்களைத் திரட்டினாள். தேடல் பெட்டி நாம் இட்ட சொற்களுக்கு ஏற்பவே விடை தரும். நாம் கேட்கத் தெரியாத கேள்வியை எழுப்ப நூலைப் படித்தால்தான் முடியும்.

இத்தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்று. 2023-இல் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் முந்தைய தீர்ப்புகள் சில மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்தன. நீதிபதி தேடியபோது அத்தீர்ப்புகள் எங்கும் இல்லை. சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி அவற்றைப் புனைந்து தந்திருந்தது. வழக்கறிஞர்களுக்கும் அவர்தம் நிறுவனத்துக்கும் 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. கருவி புனைந்தது வியப்பன்று. கற்றறிந்தோர் மூலத்தைத் திறந்து பாராமல் அதற்குச் சாட்சியாக நின்றதே வியப்பு. மூலத்தைத் திறக்கும் பழக்கம் உடையவர் ஒருவர் அவர்களுள் இருந்திருந்தால், சில நிமிடங்களில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இயலாதவர் என் செய்வது?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. எல்லாவற்றையும் முழுமையாகப் படித்த பின்னரே எழுத வேண்டுமெனில் எவராலும் எழுத முடியுமா? ஒரு கட்டுரையைத் திறக்கப் பதிப்பகத்தார் கேட்கும் தொகை, ஒரு மாணவியின் மாத உணவுச் செலவை எட்டக்கூடும். அரசுத் திட்டம் எல்லாக் கல்லூரிகளையும் சென்றடையவில்லை. தமிழ்வழிப் பயின்றவர்க்கு ஆங்கில ஆய்விதழின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மலை. நேரமோ குறைவு. இவ்விடர்களை அறியாதவர்போல் நாம் அறிவுரை கூறுவது இரக்கமற்ற செயலாகும்.

ஆனால் நேர்மை நம்மிடம் வேண்டுவது எல்லாவற்றையும் படிப்பதையன்று. எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்வதையே. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவர்தம் கருத்தைக் கூறுமிடங்களில் "என்ப" என்றும் "மொழிப" என்றும் கூறிச் செல்கிறார். பிறர் வழி வந்ததைப் பிறர் வழி வந்ததாகவே சொல்வது அவர்க்கு இழுக்காகத் தோன்றவில்லை. இன்றைய ஆய்வு முறையிலும் அதற்கு இடமுண்டு. மூலத்தைக் காண இயலாதபோது, "இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது" என்று கண்ட நூலையே குறிக்கலாம். சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால், "சுருக்கம் மட்டும் பார்க்கப்பட்டது" என்று ஒரு தொடர் சேர்க்கலாம். ஒரு நூலின் ஓர் இயலை மட்டும் படித்திருந்தால் அவ்வியலை மட்டும் சுட்டலாம். இதற்குச் செல்வமும் வேண்டாம், ஆங்கிலப் புலமையும் வேண்டாம்.

அத்துடன், இயலாமை என்று நாம் கருதுவதிலும் சில முயன்றால் நீங்கக் கூடியவை. ஒரு தளத்தில் பூட்டியிருக்கும் கட்டுரை, அதே ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் திறந்திருக்கக் கூடும். ஆசிரியர்க்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டால், பலர் மகிழ்ந்து அனுப்புவர். நூலகரை அணுகினால் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வழி உண்டா என்று கூறுவார். தேடலில் கிடைத்த வரிக்கு முன்னுள்ள பக்கத்தையும் பின்னுள்ள பக்கத்தையும் படிப்பது பத்து நிமிட வேலை. பழைய தமிழ் நூலின் மின்பதிப்பில் ஒரு சொல் ஐயத்திற்கிடமாக இருந்தால், அச்சுப்பக்கத்தின் படத்தோடு ஒப்பிட வேண்டும். எழுத்துணரி மென்பொருள் ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் படித்துவிடுவதுண்டு. மின்பதிப்பை எடுத்தாண்டால், எந்தத் தளத்திலிருந்து, எந்த அச்சுப்பதிப்பை ஒட்டியது என்பதையும் குறிப்பது முறை. ஊதியமின்றித் தட்டச்சு செய்தவர்க்கு நாம் செலுத்தும் நன்றியும் அதில் அடங்கும்.

நம் பங்கு

பழி முழுவதும் மாணவர்மேல் விழுவதன்று. துணைநூற்பட்டியல் எத்தனை பக்கம் என்று முதலில் புரட்டிப் பார்க்கும் தேர்வாளர் யார்? "இன்னும் இருபது நூல்கள் சேர்த்துக் கொண்டு வா" என்று ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய வாரம் சொல்லும் நெறியாளர் யார்? பட்டியலின் நீளத்தைப் படிப்பின் ஆழம் என்று எண்ணியவர் நாமே. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். மாறாக, வாய்மொழித் தேர்வில், "இப்பட்டியலில் உன்னோடு மாறுபடும் நூல் எது? அதற்கு நீ என்ன விடை வைத்திருக்கிறாய்?" என்று கேட்போமாயின், அடுத்த ஆண்டு மாணவர் நூல்களை வேறு விதமாக அணுகுவர். பெற்றோராகிய நாமும், "ஆய்வேடு முடிந்ததா?" என்பதோடு நில்லாமல், "என்ன படித்தாய்? அதில் எது உனக்குப் புதிது?" என்று மாலை வேளையில் கேட்கலாம்.

மீண்டும் அந்த நள்ளிரவுக்கு வருவோம். தனிநாயகம் அடிகளார் கடல் கடந்து சென்று கண்டவற்றைப் போன்ற அரிய நூல்கள் பலவும் இன்று அந்த மாணவியின் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. அவர்க்கு நேர்ந்த தொலைவு அவளுக்கு இல்லை. எனினும், நூலைத் திறந்து, கண்ணால் கண்டு, கண்டதை மட்டும் சொல்லும் கடமை இருவர்க்கும் ஒன்றே. அதை எந்தக் கருவியும் அவளுக்காக ஆற்ற முடியாது.

அவள் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்க்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். படிக்காத பெயர்களை ஒவ்வொன்றாக நீக்குகிறாள். சிலவற்றின் அருகில், சுருக்கம் மட்டும் பார்க்கப்பட்டது என்று எழுதுகிறாள். பட்டியல் மூன்று பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகக் குறைகிறது. மதிப்பெண்ணும் ஒருவேளை குறையலாம். ஆனால் எஞ்சியுள்ள ஒன்பது நூல்களைப் பற்றி நாளை எவர் கேட்டாலும் அவள் தயங்காமல் விடை சொல்வாள். அம்மாணவிக்குத் தேர்வாளராக அமர நேர்ந்தால், அந்த ஒரு பக்கத்தை மதிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?